தப்பு விழும் இடம்

லாரி பின்வாங்கும்போது ஆட்களை விலகச் சொல்லிக் கத்துமே, கிட்டத்தட்ட அதே சத்தம்தான். அதைக் கேட்கத்தான் தூத்துக்குடியின் பழைய மீன் ஏலக்கூடத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் அத்தனை பேர் கூடினார்கள். காலை ஏலம் முடிந்ததும் தரையைக் கழுவிவிட்டிருப்பார்கள். கழுவினாலும் வாடை போகாது. ஈரத்தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, மஞ்சளாய்ப் பழுத்துப்போன ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் பார்த்தபடி காத்திருப்பார்கள்.

அது ஒரு டிவி கேம். கிளாரன்சின் அப்பா சிறுபிள்ளையாக இருந்தபோது, கப்பலுக்குப் போன உறவுக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்தது. இரண்டு ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, குதிக்கிற பொம்மைகளையும் சுடுகிற பொம்மைகளையும் திரையில் ஆட்டிவைத்த பெட்டி. இப்போது அதற்குத் திரையும் இல்லை, பொம்மைகளும் இல்லை. பழைய கேசட் ஒன்றின் வயிற்றைக் கிளாரன்ஸ் பிளந்து, உள்ளேயிருந்த சில்லைப் பிடுங்கிவிட்டு வேறொன்றை வைத்திருந்தான். அதைச் செருகினால் ஜாய்ஸ்டிக்கின் ஒவ்வொரு பொத்தானும் ஒரு சுரம். பெட்டிக்கு நாலு குரல். இரண்டு பாடும். ஒன்று அடித்தொண்டையில் முனகும். நாலாவது, மணலைச் சல்லடையில் போட்டு ஆட்டுகிற மாதிரி இரையும். குழைவு கிடையாது, நெளிவு கிடையாது. தொட்டால் சத்தம், விட்டால் மௌனம். அவ்வளவுதான் அதன் வித்தை.

வாசிப்பது பெனிட்டா, கிளாரன்சின் மனைவி. உட்கார்ந்ததும் கேசட்டை எடுத்து அதன் வாயில் ஒரு ஊது ஊதுவாள். ஊதக்கூடாது, எச்சில் பட்டுச் செம்புப் பல் கறுத்துப்போகும் என்று கிளாரன்ஸ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஊதாமல் செருகினால் அவளுக்கு மனசு கேட்காது. பாட்டின் முடிவில் கேசட்டை ஒரு மயிரிழை சாய்ப்பாள். பெட்டி கடற்காக்கை மாதிரி கிறீச்சிடும். கூட்டம் அதற்குச் சிரிக்கும்.

ஆனால் கூட்டம் வந்தது அதற்காக அல்ல. வலது ஜாய்ஸ்டிக்கில் ஒரு பொத்தான் ஒட்டும். பாட்டு ஏறி, உச்சியில் நின்று, இறங்கவேண்டிய இடத்தில் அந்தப் பொத்தான் வரும். ஒருமுறை அமுக்கினால் இரண்டுமுறை விழும். பாட்டு அங்கே திக்கும். முதல்தடவை அது நடந்தபோது பெனிட்டா நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்வரிசையில் பிலோமி அக்கா இருந்தாள். கோயில் பாடற்குழுவில் ஒருகாலத்தில் முதல் குரல் பாடியவள். அவள் வாய்விட்டுச் சிரித்து, "தப்பு!" என்று கத்தினாள். அதே கணத்தில் பக்கத்திலிருந்தவர்களும் தலையைத் தூக்கியிருந்தார்கள். பின்வரிசையிலும் தூக்கியிருந்தார்கள். ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் கேட்டிருந்தது. ஒரே தப்பு, ஒரே இடத்தில்.

பெனிட்டா வாசிப்பதை நிறுத்திவிட்டு முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தான் தப்பாக வாசித்ததாக யாரும் அவளிடம் சொல்லி வெகுகாலம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. பாட்டு உச்சிக்கு ஏறும்போதே ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். திக்கல் விழுந்ததும் ஏலக்கூடத்தின் தகரக்கூரை அதிர ஒரே குரலில் "தப்பு!" என்பார்கள். சிலர் அழுவார்கள்.

"பொத்தான மாத்திருதேன்ட்டி. உள்ள ரப்பர் தேஞ்சுபோச்சு, அம்புட்டுதான்" என்றான் கிளாரன்ஸ்.

"தொட்டிய, கைய ஒடிச்சிருவேன்."

*

ஒரு தப்புக்காக ஏன் அழுதார்கள் என்று சொல்லவேண்டும்.

செவிலி என்பது காதுக்குப் பின்னால் எலும்பில் பதிக்கிற ஒரு சின்ன வில்லை. ஆலைகளில் இரைச்சலுக்கு நடுவே நின்று காது கெட்டவர்களுக்காகத்தான் முதலில் வந்தது. இரைச்சலை மட்டும் வடிகட்டிவிட்டுப் பேச்சைத் தெளிவாகத் தரும். நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. பிறகு பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசி போடுவதுபோல எல்லோருக்கும் பதித்தார்கள். பதித்தபிறகு சொந்தக் காது மெல்ல மந்தமாகிவிடும். கழற்றினால் செவிடு.

அப்புறம் அது இசையைத் தொட்டது. யாருக்கு எது பிடிக்கும் என்பதை ரத்த ஓட்டத்திலிருந்தே அது கற்றுக்கொள்ளும். வெளியே என்ன வாசித்தாலும் அவரவர் ருசிக்கு மாற்றிக் கொடுக்கும். சுருதி பிசகாது. தாளம் தவறாது. தெருமுனையில் ஒரு குடிகாரன் பாடினாலும் உங்களுக்குப் பிடித்த குரலில் கேட்கும். கல்யாண ஊர்வலத்தில் ஆளுக்கொரு தாளத்தில் ஆடிக்கொண்டு போனார்கள். துக்கவீட்டு மேளத்துக்குச் சிலர் புன்னகைத்தார்கள். யாரையும் குறைசொல்ல முடியாது.

பெனிட்டா கோயிலில் கீபோர்டு வாசித்தவள். பாடற்குழு நிற்கவில்லை, ஆனால் ஒத்திகை நின்றுபோயிற்று. எதற்கு ஒத்திகை? மாதா திருநாளன்று அவள் ஒரு பாட்டு முழுவதையும் வேண்டுமென்றே தப்புத் தப்பான கட்டைகளை அமுக்கி வாசித்தாள். பூசை முடிந்து ஃபாதர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு மாதிரி நீ என்னைக்குமே வாசிச்சதில்லம்மா" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கீபோர்டைத் துணியால் மூடிவைத்தவள்தான்.

அதைவிடப் பெரிய அடி வேறொரு நாள் விழுந்தது. ஏதோ சில்லறைச் சண்டை. பேச்சுவாக்கில் கல்யாண நாள் வந்துவிட்டது.

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். ஆட்டமா ஆடுனிய? எத்தன தடவ என் கால மிதிச்சிய!" என்றாள்.

"நானா? எல்லாரும் குதிச்சு ஆடுத பாட்டுக்கு நீதான் சவ ஊர்வலத்துல போற மாதிரி அசைஞ்சிட்டுக் கெடந்த."

"குதிச்சா? அது மெதுவான பாட்டுல்லா?"

கல்யாண மண்டபத்தில், மாலையோடு, ஊரே சுற்றி நின்று கைதட்ட, இருவரும் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஆடியது இரண்டு வெவ்வேறு பாட்டுக்கு. அதற்குப் பிறகு அவர்கள் அந்தச் சண்டையைத் தொடரவில்லை. பெனிட்டா போய் உலை வைத்தாள். அரிசி களையும்போது அவளுக்குத் தோன்றியது இதுதான்: நாங்கள் இருவரும் சேர்ந்து கேட்டது என்று இந்த உலகத்தில் ஒன்றுகூட இல்லை.

*

வழியைக் கண்டுபிடித்தவன் கிளாரன்ஸ். அவன் ஒரு இறால் கம்பெனியின் குளிர்பதன இயந்திர அறையில் மெக்கானிக். குழாய்களில் ஓடுவது அம்மோனியா. கசிந்தால் ஆளைக் கொன்றுவிடும். அதனால் திங்கட்கிழமைதோறும் அபாய அலாரத்தை ஒலிக்கவிட்டுச் சோதிப்பார்கள். ஒரு திங்கள் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பரணில் ஏறினான்.

"என்னத்தத் தேடுதிய?"

"பெனி, அலாரம் எல்லாருக்கும் ஒண்ணுபோலக் கேக்குது, கவனிச்சியா? லாரி ஹாரன், ஆம்புலன்சு, இதையெல்லாம் செவிலி தொடப்பிடாது. சட்டம். தொட்டா ஆளு செத்துரும்லா? அப்ப அது எப்பிடி இது அலாரம்னு கண்டுபிடிக்கி? சத்தத்தோட வடிவத்த வச்சுத்தான். மொட்டையா, சதுரமா, மிஷின் சத்தம். இந்த டப்பா போடுததும் அதே சத்தம்தான்."

தூசியைத் தட்டி ஒரு ஸ்பீக்கரை இணைத்தான். பொம்மை இல்லாத பெட்டி பீப், பீப் என்றது. இருவரும் எதிரெதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். வாயால் பாடிக்காட்டினால் செவிலி அதையும் மாற்றிவிடும். ஆகவே கையால் சோதித்தார்கள். சத்தம் ஏறினால் கையை உயர்த்துவது, இறங்கினால் தாழ்த்துவது. கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டுத் திறந்து பார்ப்பது. திறந்து பார்த்தபோது இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நின்றன.

மறுபடி செய்தார்கள். மறுபடியும் அப்படியே.

"ஏட்டி, எதுக்கு அழுத?"

"நீங்க எதுக்கு அழுதிய?"

அந்தப் பெட்டிக்காக அவள் கட்டிய பாட்டுதான் பின்னால் ஊர் கேட்டது. பெரிய பாட்டு ஒன்றுமில்லை. ஏறும், நிற்கும், திக்கும், இறங்கும். டப்பாப் பாட்டு என்றார்கள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் கம்பெனியின் பழைய அலாரம் உப்புக்காற்றில் அரித்து வாய் அடைத்துப்போயிற்று. புதியது வரும்வரை என்று கிளாரன்ஸே ஒன்று செய்தான். பழைய சாமான் கடையில் கிடைத்த இன்னொரு உடைந்த டிவி கேமின் சில்லைப் பிடுங்கி, அதையே அலாரமாக மாட்டினான். வெறும் பீப் வைக்கவில்லை. டப்பாப் பாட்டின் முதல் அடியை வைத்தான்.

"வெறும் கத்தலக் கேட்டா எவளும் தலையத் தூக்க மாட்டுக்கா பெனி. திங்கக்கிழமைக் கூத்துன்னு கெடக்காளுவ. ஒம் பாட்டுக்கு ஊரே தலையத் தூக்குது. கேட்ட ஒடனே வெளிய ஓடியிருவாளுவ, பாரு."

அது உண்மையாகவே நடந்தது. அடுத்த திங்கள் சோதனையில் இறால் உரிக்கிற பெண்கள் கையுறையோடு எழுந்து சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடினார்கள். "தப்பு எங்க அண்ணே? தப்பக் காணோமே!" என்று கேலி பேசினார்கள்.

"தப்பு அவ கையில இருக்கு. சில்லு எப்பிடி திக்கும்?" என்றான் அவன். பெருமையாகத்தான் சொன்னான்.

*

செவிலி நிறுவனத்திலிருந்து தீபன் என்கிற இளைஞன் சென்னையிலிருந்து வந்தான். ஒரு சனிக்கிழமை கூட்டத்தோடு சாக்கில் உட்கார்ந்து கேட்டான். "தப்பு!" என்று அவனும் கத்தியதைப் பெனிட்டா பார்த்தாள். நல்ல பையன். அப்புறம் வீட்டுக்கு வந்து காபி குடித்தான்.

"இங்க வர்றவங்க எல்லாருடைய செவிலியும் ஒரே விஷயத்தைச் சொல்லுதுக்கா. இந்தச் சத்தத்தைக் கேட்டா ஜனங்க சந்தோஷப்படறாங்கன்னு. அதனால அதை இனிமே அலாரமா நினைக்காது. இசைன்னு எடுத்துக்கும்."

"எடுத்துக்கிட்டு?"

"அழகாக்கிக் கொடுக்கும்."

பெனிட்டா தம்ளரைக் கீழே வைத்தாள். "தம்பி, நீங்களும்தான கேட்டிய. இதுல என்னத்த அழகாக்கப் போறிய?"

"நான் செய்யறது இல்லக்கா. யாரும் உட்கார்ந்து செய்யறதில்ல. அது தானாக் கத்துக்குது. நிறுத்தணும்னா கேக்கறவங்க சந்தோஷப்படறத நிறுத்தணும்."

"அந்தத் திக்கல?"

அவன் சங்கடத்தோடு சிரித்தான். "அதைத்தான் முதல்ல சரிபண்ணும்."

"அத மட்டும் விட்ரச் சொல்லுங்க. மத்தத என்ன வேணாலும் செய்யட்டும். அந்த எடத்த மட்டும் தொடவேண்டாம். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"மேல சொல்றேன்க்கா. கண்டிப்பாச் சொல்றேன்."

கிளாரன்ஸ் அதுவரை நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தான். "தம்பி, அப்ப அலாரம்? எங்க கம்பெனி அலாரமும் இந்த மாதிரிச் சத்தம்தான்."

"அலாரத்தை எப்பவுமே தொடாதுண்ணே. அது சட்டம். ஒரே மாதிரி விட்டுவிட்டுக் கத்தறது அலாரம். பாட்டா ஏறி இறங்கறது இசை. ரெண்டையும் அது நல்லாவே பிரிச்சுப் பாக்கும்."

கிளாரன்ஸ் தலையசைத்தான். தன் அலாரம் ஏறி இறங்குவது அவனுக்குத் தோன்றவில்லை. அது அலாரப் பலகையில் மாட்டியிருந்தது. சிவப்பு விளக்குக்குக் கீழே, கசிவைக் கண்டுபிடிக்கிற கருவியோடு ஒரே கம்பியில் இணைந்திருந்தது. அப்படி இருப்பது அலாரம்தானே? பெனிட்டாவுக்கும் தோன்றவில்லை. அவள் நினைப்பெல்லாம் திக்கலில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, திங்கட்கிழமைச் சோதனையும் முடிந்தபின் மாற்றம் வந்தது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை. செவிலி மாறுவது யாருக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் கம்பெனியில் அம்மோனியாக் குழாய் வெடித்தது.

*

மரியபுஷ்பம் பெரியாஸ்பத்திரியில் இருந்தாள். இறால் உரிக்கிற கூடத்திலிருந்து கிளாரன்ஸ் வெளியே இழுத்துப் போட்டவர்களில் ஒருத்தி. கண்ணில் கட்டு. தொண்டை புண்ணாகி, குரல் காற்றாக வந்தது. பெனிட்டா கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். கிளாரன்சின் அடக்கம் முடிந்து மறுநாள் அது. வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும் வந்திருந்தாள்.

"பாட்டு வந்துச்சு பெனி."

"ம்."

"மொதல்ல லேசா. உன் பாட்டுன்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா எம்புட்டு நல்லா இருந்துச்சு தெரியுமா? வயலினு கேட்டுச்சு. பத்து நூறு பேரு சேந்து பாடுத மாதிரி. எம் பக்கத்துல ஜெசிந்தா, அவளுக்குப் புல்லாங்குழலாக் கேட்டுச்சாம். சொல்லிட்டே கண்ண மூடிக்கிட்டா. நான் ஒருத்திகிட்ட, ஏட்டி, இது அலாரம்லான்னு கேட்டேன். அதுக்கு அவ, அலாரம் இம்புட்டு அழகாவா இருக்கும்ன்னா."

அவளுக்கு இருமல் வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அண்ணன் அந்நேரம் மேல மொட்டமாடியில தண்ணித்தொட்டிகிட்ட நின்னாவ. அவுகளுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எறங்கி ஓடி வந்தாவ. வாய் அசையுது, ஒண்ணும் கேக்கல. பாட்டுதான் கேக்குது. நல்ல பாட்டு ஓடும்போது பேச்சையெல்லாம் அது அமுக்கிப்புடும்லா. அண்ணனும் சேந்து பாடுதாவன்னு நெனச்சேன் பெனி. நான்..." மரியபுஷ்பம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் கை தட்டுனேன்."

பெனிட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறென்ன செய்வது?

"தரதரன்னு இழுத்து வெளிய போட்டாவ. எங் காதுல வாய வச்சுக் கத்துனாவ. 'திக்கல பாத்தியா? திக்கவே இல்ல. அது அவ இல்ல, அலாரம்!' அம்புட்டுதான் சொன்னாவ. திரும்ப உள்ள போனாவ. இன்னும் ரெண்டு பேரக் கொண்டாந்து போட்டாவ. திரும்பவும் போனாவ."

பின்னால் ஒருநாள் தீபன் வீட்டுக்கு வந்தான். வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான். பெனிட்டா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"அது பலகையைப் பாக்காதுக்கா. எங்க மாட்டியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. சத்தத்தை மட்டும்தான் கேக்கும். அண்ணன் உங்க பாட்டை வச்சிருந்தாரு. அது உங்க பாட்டைத்தான் கேட்டுது."

"அவுகளுக்கு என்ன கேட்டுச்சு?"

"அக்கா?"

"கடைசியா. மாடியில நிக்கும்போது. எம் பாட்டு அவுக காதுல என்னவாக் கேட்டுச்சு? அத எனக்குப் போட்டுக் காட்டுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

தீபன் தலையைக் குனிந்துகொண்டான். "முடியாதுக்கா. ஒருத்தர் காதுல கேட்டதை இன்னொருத்தருக்குக் கொடுக்க வழியே இல்ல. அது எங்கயும் தங்கறதில்ல."

அவள் அழவில்லை. கல்யாணப் பாட்டையும் இப்படித்தான் அவர்கள் இழந்திருந்தார்கள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன்" என்றான் அவன். "அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்ல, அந்த இடத்தை விட்டுடச் சொல்லி? மேல பேசிட்டேன். சண்டையே போட்டேன்னு வச்சுக்குங்க. ஒத்துக்கிட்டாங்க. இனிமே உங்க பாட்டு பழையபடியே கேக்கும். திக்கலோட."

*

முப்பதாம் நாள் பூசை முடிந்து, ஜனங்கள் கோயிலிலிருந்து நேரே ஏலக்கூடத்துக்கு வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. இறந்தவர்களின் வீட்டார் முன்னால் உட்கார்ந்தார்கள். மரியபுஷ்பத்தை யாரோ நாற்காலியோடு தூக்கிவந்திருந்தார்கள். பிலோமி அக்கா கறுப்புச் சேலையில் இருந்தாள். கழுவின தரையில் மாலை வெயில் நீளமாகக் கிடந்தது.

பெனிட்டா டப்பாவைத் துடைத்தாள். வாசிக்க வேண்டாமென்றுதான் இருந்தாள். ஆனால் கிளாரன்ஸ் விட்டுப்போனதில் உண்மையாக இருப்பது அந்தத் திக்கல் ஒன்றுதான் என்று அவளுக்குப் பட்டது. அதை வைத்துத்தான் அவன் பொய்யைக் கண்டுபிடித்தான். அது கேட்கிறவரை, தாங்கள் கேட்பது நிஜம் என்று இந்த ஊருக்குத் தெரியும். மூன்று பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்தது அது. அதை ஒருதடவை எல்லோரும் சேர்ந்து கேட்டுவிட்டால் போதும்.

கேசட்டின் வாயில் ஊதினாள். ஊதாதே என்று சொல்ல ஆளில்லை. செருகினாள்.

பெட்டி பாடியது. அதே மொட்டைச் சத்தம். வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை. லாரி பின்வாங்குகிற குரல். தீபன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தான். பாட்டு ஏறியது. உச்சியில் நின்றது. பெருவிரலை அமுக்கினாள். திக்கியது.

"தப்பு" என்றாள் பிலோமி அக்கா.

பிறகு இடதுபக்கத்தில் யாரோ, "தப்பு" என்றார்கள்.

பிறகு பின்வரிசையில் ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து மரியபுஷ்பத்தின் காற்றுக்குரல். அதற்குள் பாட்டு இறங்கி முடிந்திருந்தது. அதற்கப்புறமும் தூணோரத்திலிருந்து ஒருவர், கண்ணீரோடு, வெகு நிறைவாக, "தப்பு" என்றார்.

அழுகையில் தொண்டை அடைத்திருக்கும், அதனால் பிந்துகிறார்கள் என்று பெனிட்டா நினைத்தாள். அப்படித்தான் நினைக்க விரும்பினாள். இரண்டாவது சுற்றை ஆரம்பித்தாள். பாட்டு ஏறியது. உச்சி வந்தது. அவன் மாடியில் தண்ணீர்த்தொட்டியின் பக்கத்தில் நின்று, இந்த இடத்துக்காகத்தானே காதைத் தீட்டியிருப்பான் என்ற நினைப்பு வந்ததும், அவள் பெருவிரல் பொத்தானுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. இறங்கவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது.

பாட்டு திக்கியது.

அவள் காதில், அவள் அமுக்காத பொத்தான், இரண்டுதடவை, துல்லியமாக விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் "தப்பு" என்றார். பிறகு வேறொருவர். பிறகு வேறொருவர். ஒவ்வொருவரும் அவரவர் கேட்ட இடத்தில்.

பெனிட்டா ஜாய்ஸ்டிக்கை மடியில் வைத்தாள். பாட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் டப்பாவின் மூடியைத் தூக்கி, கேசட்டைப் பிடுங்கினாள். கேசட் போனால் பெட்டி ஒரே சத்தமாக, உயிரில்லாமல் 'ம்' என்று ரீங்கரிக்கும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். விரல் நுனியில் அந்த அதிர்வு தெரிந்தது. காதில் அது வரவில்லை.

எதிரே ஜனங்கள் கண்ணை மூடி அசைந்துகொண்டிருந்தார்கள், ஆளுக்கொரு தாளத்தில். பிலோமி அக்காவின் கை மடியில் தாளம் போட்டது. பக்கத்திலிருந்தவளின் தலை வேறு தாளத்துக்கு ஆடியது. எல்லோர் முகத்திலும் ஒரே மாதிரி ஆறுதல்.

கேசட் அவள் கையில் இருந்தது. வாயில் வைத்து ஊதினாள், பழக்கத்தில். அவள் காதில் பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, மொட்டையாக, பழையபடியே, உச்சியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.